நூற்றுப் பன்னிரண்டு பேரின் கொப்பி

அற்புதமலர் எங்களை விற்றுவிட்டாள் என்று சொல்கிறவர்கள் முதலில் எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். விற்றவள் எதற்காக இன்றைக்குத் திரும்பவும் விடிய ஐந்து மணிக்கு லா கூர்னெவ் புறநகருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கழுவுகிறாள்?

இந்தக் கதை முளைத்தது யோகராணியின் கடையில். முருங்கைக்காய் எடுக்கப் போன என்னை மறித்து வைத்துச் சொன்னாள்.

"மாமி, உங்கட மலர் பெட்டிக்காரன்ரை ஆளிட்டைப் புதுப் போன் வாங்கினவ. மூலைக் கபேயிலை ரெண்டு பேரும் இருந்தவை. கண்ணாலை கண்டனான்."

"குடிச்சதுக்கு ஆர் காசு குடுத்தது எண்டும் கண்டனியோ?"

"அது நான் பாக்கேல்லை."

"அவதான் குடுத்தவ, ரெண்டு பேருக்கும். நீ பாதியைப் பாத்திட்டு முழுக்கதை விக்கிறாய். முருங்கைக்காயையாவது முழுசாத் தா."

அவள் சிரித்தாள். ஆனால் கதையை நிறுத்தவில்லை. அதனால்தான் நான் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன்.

மலர் குருநகர்ப் பிள்ளை. பிரான்சுக்கு வந்து முதல் பத்து வருடமும் பள்ளிக்கூடம் கூட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களையும் எழுத்துகளையும் பார்த்துப் பார்த்துத்தான் பிரெஞ்சு பிடித்தாள். தும்புத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு படித்த பாஷை என்பாள். பிறகு ரூ பிலிப்-து-ஜிராரில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் கந்தோரில் பேப்பர் நிரப்புகிற வேலை கிடைத்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு வந்து இறங்கிய சனம் முழுக்க அவளுடைய மேசைக்கு முன்னால்தான் இருந்து அழுதது. முகாமில் இரண்டு வருடம் கிடந்துவிட்டு மகன் சுகந்தனிடம் வந்த நானும் அங்கேதான் அழுதேன். எனக்கு எழுத்துத் தெரியாது. என் கை போடுவது ஒரு கீறல். அந்தக் கீறலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் பேனையைத் தருவாள்.

அவளிடம் நீல மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு தாள். பிறந்த ஊர், தாய் தகப்பன், காணாமற்போன பிள்ளை, எந்த முகாம், எந்தத் திகதி, எல்லாம் அதில். அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் கொம்பியூட்டருக்குள் போனபோது இரகசியச் சொற்களும் அதில் ஏறின. எங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒருவருடைய தபால்பெட்டியில் பத்துப் பேர் பெயர் ஒட்டுவோம். அதேபோல, போன் இலக்கம் கேட்ட இடமெல்லாம் மலருடைய இலக்கத்தையே கொடுத்தோம். எங்களில் பாதிப் பேருக்கு, கணக்கைத் திறக்கக் கந்தோர் போனுக்கு அனுப்புகிற இலக்கத்தை வாசிக்கத் தெரியாது. மற்றப் பாதிப் பேர் மாதத்துக்கு ஒரு போன் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் 'டிங்' என்று கேட்டால், யாருக்கோ கந்தோர் இலக்கம் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். மலர் முக்காட்டோடு மாதா கோயில் வாசலுக்குப் போய் நின்று, அந்த ஆளுக்குப் போன் அடித்து இலக்கம் சொல்லிவிட்டு வருவாள்.

கொரோனா போய் இரண்டாவது வருடம் பெட்டிக்காரன் வந்தான். நேரே வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் நேரே வருவதில்லை. பெட்டிக்காரன் என்பது எங்கள் ஆட்கள் வைத்த பட்டம். ஊருக்கு வெளியே மைதானம் போலக் கிடக்கிற அவனுடைய பண்டகசாலைகளில்தான் சுகந்தனும் பெட்டி அடுக்குகிறான். சுகந்தனுடைய கையில் ஒரு கருவியைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மூத்திரத்துக்குப் போனால் அது நிமிடம் எண்ணும். பேப்பர், டிவி, கப்பல் என்று பெட்டிக்காரனிடம் இல்லாதது இல்லை. பிள்ளைகளுடைய பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடலாம். அப்படிப்பட்டவனுக்கு எங்களுடைய விசாப் பேப்பர் எதற்கு?

ஒரு நாள் டிவியில் காட்டினார்கள். எங்களுடைய வதிவிடக் காட் புதுப்பிக்கிற அரசாங்கக் கந்தோரின் கொம்பியூட்டர் வேலை முழுவதையும் அவனுடைய கொம்பனியிடம் கொடுத்துவிட்டார்களாம். அவன் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்றான். பார்க்கப்போனால் அமைச்சர்தான் அவனுக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. அந்தக் கிழமை சனம் தட்டிகளோடு தெருவில் இறங்கியது. எங்கள் சங்கத்துக்குப் புதன்கிழமைகளில் உதவிக்கு வருகிற மர்கரீத், ஓய்வுபெற்ற வாத்தியார், கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் வந்தா. மலர்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"தான் நாப்பத்தாறு வருசமா வோட்டுப் போடுறாவாம். அவன்ரை பேர் ஒருக்காலும் சீட்டிலை இருக்கேல்லையாம். பின்னை எப்பிடி உள்ளுக்கை வந்தவன் எண்டு கேக்கிறா."

எனக்கு இந்த நாட்டில் வோட்டு இல்லை. வோட்டு இல்லாத நான் கந்தோருக்கு வெளியே மழையில் நிற்கிறேன். வோட்டு விழாத அவன் உள்ளே கதிரை போட்டு இருக்கிறான்.

புதுக் கொம்பியூட்டர் வந்த கையோடு புதுக் கேள்விகளும் வந்தன. மலர் என்னிடம் கேட்டாள், "அம்மா, சின்ன வயசிலை வளத்த பிராணியின்ரை பேர் என்ன எண்டு கேக்குது."

"ஆடு."

"அது பிராணி. பேர்?"

"ஆட்டுக்கு என்ன பேர் பிள்ளை? ஆடு எண்டால் திரும்பிப் பாக்கும்."

ஆடு என்றே எழுதினாள். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய ஆடு அவனுக்கு எதற்கு? முகாமில் தண்ணீருக்கு என்றுதான் பெயர் எழுதினார்கள். எழுதினவர் நல்ல மனிசன், தொப்பி போட்டிருந்தார், பிள்ளைகளுக்கு இனிப்பும் கொடுத்தார். பிறகு அதே தாள் துவக்கு வைத்திருந்த ஆமிக்காரரின் மேசையில் கிடந்ததை நான் கண்டேன். பெயர் எழுதுகிற கை ஒன்று, வாசிக்கிற கண் வேறொன்று. அதை மலரிடம் நானே சொல்லியிருந்தேன்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காட் கந்தோரில் எங்களுடைய கணக்குகள் எல்லாம் ஒரேயடியாகப் பூட்டுப்பட்டன. ஒரே போன் இலக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதைக் கண்டுபிடித்ததாம் பெட்டிக்காரனுடைய மெஷின். இது கள்ள வேலையாக இருக்கலாம், ஆராயும்வரை எதுவும் அசையாது என்று கடிதம் வந்தது. என்னுடைய பத்து வருடக் காட் முடிய ஆறு கிழமை இருந்தது. சித்திரையில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை. காட் இல்லாமல் ஆஸ்பத்திரியில் இழுபறிப்படுவேன் என்று சுகந்தனுக்குப் பயம். மற்றவர்களுக்கு வேலை போகும், வீடு போகும். சனம் கந்தோர் வாசலில் நின்று மலரைத்தான் பேசியது.

அதற்குப் பிறகு அந்தக் கொம்பனி ஆள் வந்தான். மெலிந்த பெடியன், வாசனை பூசியிருந்தான். கபேயில் வைத்து அவளிடம் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். சங்கம் தங்களோடு சேர்ந்து கையெழுத்து வைத்தால் போதுமாம். கொப்பியை ஒரு நாளைக்குக் கொடுத்தால் முழுவதையும் படம் பிடித்து மெஷினுக்குள் ஏற்றுவார்களாம். அடுத்த நாளே நூற்றுப் பன்னிரண்டு பூட்டும் திறபடுமாம். இலக்கங்கள் வருவதற்கென்று ஒரு போனையும் பெட்டியோடு மேசையில் வைத்துவிட்டுப் போனான். யோகராணி கண்ணாடிக்குள்ளால் கண்டது அந்தப் பெட்டியைத்தான்.

சங்கத் தலைவர் புண்ணியமூர்த்திக்கு அது பிடித்துவிட்டது. "ஆறு கொம்பியூட்டர் தாறாங்கள் பிள்ளை. கதிரையும் மாத்தித் தருவாங்களாம். வாற வெள்ளிக்கிழமையிலை இருந்து மூண்டு கிழமை தவணை தந்திருக்கிறாங்கள்."

"அண்ணை, கொப்பியிலை இருக்கிறது என்ரை கதையோ, உங்கட கதையோ?"

"சனத்துக்குத்தானே செய்யிறம்."

"அப்ப சனத்தைக் கேப்பம்."

கேட்டாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் தாளை அவரவருக்கே வாசித்துக் காட்டி, இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். இதில் நான் ஒளிக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. நான் கொடு என்றேன். முழங்கால் நோவு அப்படி. "குடுத்துவிடு பிள்ளை, என்னத்தை எடுக்கப் போறான், ஒரு ஆட்டை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பினாள், எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதுபோல.

"ஆடு மட்டுமில்லையம்மா. மூத்தவனை எந்த இடத்திலை விட்டனீங்கள் எண்டும் இதிலை இருக்கு. தண்ணிக்கு எழுதின தாள் எங்கை போனதெண்டும் இருக்கு. அதைச் சொன்னது நீங்கள்தான்."

நான் தாளைத் தடவிப் பார்த்தேன். பிறகு வேண்டாம் என்றேன். தங்கள் தாளைக் கேட்ட மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் ஒருவர் வாயிலும் வருவதில்லை. கொம்பியூட்டர் இல்லாதவன் கடுதாசியில் கேட்கலாம், சட்டத்தில் அந்தக் கதவை இன்னும் பூட்டவில்லை என்று மர்கரீத் சொல்லிக் கொடுத்தா. மலர் மூன்று கிழமை இருந்து நூற்றுப் பன்னிரண்டு கடிதமும் கையால் எழுதினாள். பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். எல்லாம் பதிவுத் தபால். ஒட்டுகிற வேலையை மட்டும் எங்களிடம் விட்டாள். தன் உறையைத் தானே ஒட்டவேண்டும், உள்ளே போனது என்னவென்று தெரிந்து ஒட்டவேண்டும் என்றாள். ஒட்டி முடிந்ததும் எங்கள் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து எங்கள் கையிலேயே தந்தாள்.

பிறகு காட் கந்தோர் அந்தக் கடிதங்களுக்கு ஆள் வைத்துப் பதில் போடத்தான் வேண்டியிருந்தது. என்னை நேரே வரச் சொல்லித் திகதி வந்தது. இருபது, முப்பது பேருக்கு இன்னும் வரவில்லை. அவர்கள்தான் கூடப் பேசுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயத்தில் பேசுகிறவனுக்குக் கண்ணுக்கு முன்னால் நிற்கிறவள்தான் அகப்படுவாள். பெட்டிக்காரனைப் போய்ப் பிடிக்க முடியுமா?

பெடியன் தந்த தவணை முடிந்த வெள்ளிக்கிழமை நான் கந்தோரில் சுவரோரக் கதிரையில் இருந்தேன். கடைசி ஆளாக என் உறையை ஒட்டிக் கொடுத்திருந்தேன். கொம்பனிப் பெடியன் ஒரு கைப்பெட்டியோடு வந்தான். புண்ணியமூர்த்தி எழும்பி நின்று கைகொடுத்தார். மலர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, உடைக்காத போன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்கு மேலே நீலக் கொப்பியை வைத்தாள்.

பெடியன் ஆசையோடு திறந்தான். இரண்டு மட்டையும் நடுவில் நூலும்தான் இருந்தன.

"என்ன பிள்ளை இது?" என்றார் புண்ணியமூர்த்தி.

"கொப்பி கேட்டவை அண்ணை. இதுதான் சங்கத்தின்ரை. மற்றது சனத்தின்ரை, சனத்திட்டை இருக்கு."

"உன்னை இனி வேலையிலை வைச்சிருக்கேலாது, தெரியுமோ?"

"ஓம். கதவுத் திறப்பு லாச்சிக்கை கிடக்கு."

பெடியன் பிரெஞ்சில் ஏதோ கேட்டான். அவள் அவனிடம் ஒரு சொல்தான் சொன்னாள், அது எனக்கும் விளங்கிய சொல்: நோன். கோட்டை எடுத்து மாட்டினாள். கையுறை ஒன்றைக் காணாமல் மேசைக்குக் கீழே குனிந்து தேடி எடுத்தாள். என்னைக் கடக்கும்போது என்னுடைய பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, தாளை உள்ளுக்கை வையுங்கோ. மழை தூறுது."

கதவைத் திறந்துகொண்டு போனாள்.