சேசு மரி சூசையும் கமான் பட்டையும்

வண்டிக்குக் குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றிப் பிழைப்பவன் நல்ல ரோட்டைக் கண்டால் வயிறெரிவான் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். எங்கள் பக்கத்து ரோடுகள் என் வயிற்றை அந்த அளவுக்குச் சோதித்ததே இல்லை.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் என் பட்டறை. காய்கறி வண்டி, பூ வேன் என்று லோடு வண்டிகள்தான் ஆரம்பத்திலிருந்து சோறு போடுகின்றன. கொஞ்ச வருடங்களாக இன்னொரு கூட்டமும் வருகிறது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கி, அதில் கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போகிறவர்கள். பள்ளத்தில்தான் போவார்களாம், ஆனால் பள்ளம் தெரியக் கூடாதாம். நீங்கள் துணிக்கடையில் சேலை விரிப்பவராக இருந்தாலும் சரி, பல் பிடுங்குகிற டாக்டராக இருந்தாலும் சரி, கேட்பதற்கு எல்லையே இல்லாத மனிதர்களோடு மாரடிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனாலும் இந்தத் தடவை நான் புலம்ப வரவில்லை. ஒரே ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன்.

மூன்று பெயர்கள்

அருளப்பன் சார் பூகோள வாத்தியார். வேலையில் இருந்த காலமெல்லாம் இமயமலையைக் கம்பால் தொட்டுக் காட்டியவர், நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் பழைய நாலு சக்கர டிரைவ் ஜீப் ஒன்றை வாங்கினார். அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, பனிமலை வரைக்கும் போய் வருவதாகத் திட்டம். வண்டி வந்த நேரம், முதுகுத்தண்டில் ஆபரேஷன். பிறகு டாக்டர் பயணம் போகலாம் என்றுவிட்டார். குலுங்கத்தான் கூடாது.

வண்டியை ஓட்டப்போவது அவர் மனைவி செலின் டீச்சர். அவரும் ஓய்வு பெற்றவர்தான், குரல் மட்டும் இன்னும் பெறவில்லை. பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் திடுக்கிட்டால் தானாக வாயில் வரும் 'சேசு மரி சூசை' என்ற மூன்று பெயர்கள், அதாவது இயேசு, மாதா, சூசையப்பர், சாருக்கும் வரும். சின்னக் குலுக்கலுக்கு 'சேசு' மட்டும். கொஞ்சம் பெரிதென்றால் 'சேசு மரி'. முதுகில் சுரீரென்று பிடித்தால் மூன்று பேரும். பட்டறை வாசலில் இருந்த வேகத்தடையிலேயே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, சாமானெல்லாம் ஏத்தி கன்னிவாடி மலையடிவாரத்துல ஓட்டிப் பாப்பேன். இவரு மூணு பேரையும் முழுசாக் கூப்பிட்டாருன்னா, அன்னைக்கே வண்டியை வித்துருவேன். எனக்கு மலையும் வேணாம், பனியும் வேணாம், இவரு வேணும்.”

ஒரு வண்டி, இரண்டு வீட்டுச் சாமான்

வெறும் வண்டிக்கு நான் ஸ்பிரிங் பார்ப்பதில்லை. கிளம்புகிற கோலத்திலேயே, முழுச் சாமானோடு வர வேண்டும். எடைமேடையில் ஏற்றி, முன்சக்கரம் எவ்வளவு தாங்குகிறது, பின்சக்கரம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பேன். ஆள் இல்லாமல் சட்டைக்கு அளவெடுக்க முடியுமா? சார் மறுநாளே ஆள் வைத்து ஓட்டி லோடோடு வந்தார். ஒரு கூடாரம், கயிறு, மண்வெட்டி, ஒரு கட்டு வரைபடம். வண்டி நிமிர்ந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் டீச்சர் வந்தார். கேட்டைத் தாண்டும்போதே வண்டியின் பின்பக்கம் தரையோடு தரையாக இருந்தது. கதவைத் திறந்தால் அரிசி மூட்டை, இரண்டு குக்கர், தண்ணீர் கேன்கள், போர்வைக் கட்டு, பஞ்சு சுற்றிய மாதா சுரூபம், நடுநாயகமாக ஒரு மிக்சி. இது சாரின் சாமானுக்குப் பதிலா என்று கேட்டேன். இல்லையாம், அதோடு சேர்த்தாம். “இமயமலைக்கு மிக்சி எதுக்கு டீச்சர்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “கூடாரம் காத்துல பறந்தா பிடிச்சுக்கிரலாம் தம்பி. காலையில சட்னி இல்லைன்னா இவரு பறப்பாரு, அதை யாரு பிடிக்கிறது?”

ஏணி

அந்த வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வண்டி வந்திருந்தது. காய்கறி மண்டிக்காரர் மகன். அவருக்கு லோடும் இல்லை, பயணமும் இல்லை, வண்டி தூக்கலாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். சஸ்பென்ஷன் மாற்றுவதென்றாலே வண்டியை வானத்துக்குத் தூக்குவது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயரம் கூடக் கூட வளைவில் வண்டி சாயும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கேட்கவில்லை. தூக்கிக் கொடுத்தேன். அருளப்பன் சார் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நமக்கும் இதே உயரம் வைத்தால் என்ன என்று கண்ணாலேயே கேட்டார்.

வண்டியை எடுக்க அந்தப் பிள்ளை தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார், எட்டவில்லை. மறு காலைத் தூக்கினார், அதுவும் எட்டவில்லை. சாரின் கை தானாகத் தன் இடுப்புக்குப் போனது. உயரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேச்செடுக்கவே இல்லை. அந்த அம்மாவுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அவர் கேட்டது இதுதான்: “ஏனுங்க, இத்தன ஒசரம் தூக்கிட்டீங்க, ஏறுறதுக்கு ஏணியும் நீங்களே குடுத்துருவீங்களா?”

முதல் ஓட்டம்

மிக்சி உட்பட எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, பின்னால் தடித்தடியான பட்டைகளாகப் போட்டேன். பாரம் அதிகமென்றால் பட்டை கனமாக இருக்கட்டும் என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. முழுச் சாமானோடும் வண்டி கம்பீரமாக நின்றது. டீச்சர் ஸ்டியரிங்கில், சார் பக்கத்தில், நான் பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. கன்னிவாடி தாண்டி மலையடிவாரத்து மண்பாதையில் இறங்கினோம். முதல் கல்லில் 'சேசு'. தோட்டத்து வரப்பில் 'சேசு மரி'. எனக்கு வேர்த்துவிட்டது. காய்ந்த ஓடையில் இறங்கி ஏறியபோது வண்டி எங்களை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. சார் வாயில் மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

டீச்சர் எஞ்சினை அணைத்தார். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி, “செலின், கடைசிப் பேரு பள்ளத்துக்காகச் சொல்லல. நம்ம சூசை மாமா ஞாபகம் வந்துருச்சு, அம்புட்டுத்தான்” என்றார். அறுபதைத் தாண்டிய மனிதர், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல முழித்தார். டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டுச் சொன்னார்: “சரி, மாமாவுக்காக இன்னும் ஒரே ஒரு தடவை. அடுத்த ஓட்டத்துல எந்த மாமாவும் வரக் கூடாது, சொல்லிப்புட்டேன்.”

பூவுக்கு வாய் இல்லை

தோற்ற முகத்தோடு பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது நிலக்கோட்டை மாயாண்டி அண்ணன் வந்தார். மல்லிகைப்பூ ஏற்றுகிற வேன் வைத்திருப்பவர், என் நாள்பட்ட வாடிக்கை. டீ வரவழைத்து, சாரின் முதுகு வலியை என் முதுகு வலி போலச் சொல்லி அழுதேன். அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, “எம் பூவுக்குப் போட்ட மாதிரி வாத்தியாருக்கும் போட வேண்டியதுதானே, அப்பு” என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் வேனுக்கு மெல்லிய பட்டைகளாக நிறைய அடுக்கி, அடியில் ஒரே ஒரு தடிப் பட்டையை மற்றவற்றின் மேல் படாதபடி இடைவெளி விட்டு வைத்திருந்தேன். சாதாரணக் குலுக்கலை மெல்லிய பட்டைகளே வாங்கிக்கொள்ளும். பெரிதாக அமுங்கினால்தான் அடிப்பட்டை கைகொடுக்கும். வாத்தியார் வண்டி என்றதும் நான் பூவை மறந்து, செங்கல் லோடுக்குப் போடுவது போலப் போட்டிருக்கிறேன். உடனே எல்லாவற்றையும் கழற்றி, பூ வேனுக்குப் போட்டது போலவே அடுக்கினேன். அமுங்கின பட்டை திரும்ப எகிறாமல் பிடித்துவைக்க, அந்தப் பாரத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்கள் போட்டேன். அரிசியையும் தண்ணீரையும் பின்கதவோரத்திலிருந்து முன்சீட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டினேன். மாயாண்டி அண்ணன் கிளம்பும்போது சொன்னார்: “ஒனக்கென்னப்பா, வாத்தியாரு வலிச்சா வாயைத் தொறந்து சொல்லிருவாரு. எம் பூவு வாடித்தானே சொல்லும்!”

சே

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டாவது ஓட்டம். அதே பாதை, அதே சாமான், அதே அரிசி மூட்டையோடு நான். கல் வந்தது, சார் வாயைத் திறக்கவில்லை. வரப்பு வந்தது, வண்டி மெதுவாக அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். ஓடை வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வண்டி விலைபோனால் இனி சார் அந்தப் பனிமலையை வரைபடத்தில்தான் பார்ப்பார். வண்டி இறங்கியது, ஏறியது. முன்சீட்டிலிருந்து 'சே' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

டீச்சர் வண்டியை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். சார் திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தார். வலிக்கும் என்று ஆரம்பித்தாராம், வலிக்கவில்லையாம், பாதியில் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது: “வெறும் 'சே' எல்லாம் ஜெபத்துல சேராது, அது சலிப்பு. சலிச்சுக்கிட்டே வரட்டும் தம்பி, நாங்க கிளம்புறோம்.”

மலையிலிருந்து

அவர்கள் போன பிறகு போன் மணி அடித்தாலே எனக்குத் திக்கென்றிருக்கும். ஒரு மத்தியானம் சாரின் நம்பரிலிருந்து அழைப்பு. ஹலோ என்றேன். காற்றுச் சத்தம்தான் கேட்டது. பிறகு சாரின் குரல், ஒவ்வொரு பெயராக, முழுசாக: 'சேசு... மரி... சூசை...'

கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. பட்டை முறிந்ததா, ஷாக் போயிற்றா, முதுகு என்னவாயிற்று? “சார், சார்!” என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. போன் கை மாறியது. டீச்சர் பேசினார், அந்தக் கணீர்க் குரலே தழுதழுத்தது: “பதறாதீங்க தம்பி, வண்டி சும்மாதான் நிக்குது. இவரு மலையைப் பாத்துட்டாரு.”

பட்டறைச் சுவரில் முருகன் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டியையும் பள்ளத்தில் இறக்கும்போது 'சேசு' என்று ஆரம்பித்து எதுவரை போகிறது என்று அளந்து பார்க்கிற ஒரே மெக்கானிக் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன், முருகன் இதுவரை கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.