மில்லடி வசனமும் மதகடி வசனமும்

மைக்கில் இரும்பு வாடை அடித்தது. வாயை ஒட்டிவைத்து ஓதச் சொன்னார்கள். புதுத் தொப்பி நெற்றியை இறுக்கியது. எனக்குப் பதினொரு வயது. ஊரில் மீலாத் விழாவின் குர்ஆன் மனனப் போட்டி; ஒரு சூறா முழுவதையும் பாராமல் ஓத வேண்டும்.

அந்தச் சூறாவை நான் பாடமாக்கியது மதரசாவில் அல்ல, வாப்பாவின் சைக்கிள் பாரில். விடிய சுபஹு தொழுதுவிட்டு வயலுக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். வழி நெடுக ஓதிக்கொண்டே போவேன்.

யாரும் சொல்லித்தராமலே எனக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. பள்ளிவாசல் முடக்கில் ஒரு வசனம், நெல் மில்லடியில் ஒன்று, மதகடியில் ஒன்று... இடம் வந்தால் வசனம் தானாக வாயில் வரும். மேடையிலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியாலேயே போய்விடலாம் என்றிருந்தேன்.

போட்டிக்கு முந்திய வாரம் மாரி மழை. மதகுக்கு மேலால் வெள்ளம். என்றாலும் வாப்பா தினமும், "போய்ப் பாப்பமே, வத்தியிரிக்கும்" என்று மதகு வரை மிதிப்பார். வற்றியிருக்காது. திரும்பி மில்லடிக்கு வந்து வேறு ஒழுங்கையால் போவோம். ஏழு நாளும் இப்படித்தான்.

மேடையில் மதகு வரை நன்றாகவே போனேன். அடுத்து வந்தது மில்லடி வசனம். மறுபடி மதகு. மறுபடி மில்லடி...

நடுவர் மேசையைத் தட்டினார். "தம்பி, வந்த வழியாலேயே திரும்பிப் போறீங்களே! எறங்குங்க. வீட்ட போய் ஒழுங்காப் பாடமாக்கிட்டு வாங்க."

சபை சிரித்தது. அந்த நடுவர் இன்றும் இருக்கிறார். எதிரே வந்தால் நானாக ஸலாம் சொல்வதில்லை. அவர் சொன்னால் பதில் மட்டும்.

வாப்பா அடிக்கவில்லை. "பாடமில்லாட்டி இல்லண்டு சொல்லியிரிக்கலாமே மகன். நாலு பேருக்கு முன்னால தலைய குனிய வெச்சிட்டாய்" என்றார். மறுநாள் விடிய சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டு ஓடினேன். தனியாகப் போய்விட்டிருந்தார். பிறகு ஒருநாளும் என்னை ஏற்றவில்லை.

ஏன் பிசகியது என்று அவர் கேட்கவே இல்லை. அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடமாகியும் அந்தக் கோபம் எனக்குக் குறையவில்லை.

போன மாதம் கல்முனையில் நினைவாற்றல் பயிற்சி வகுப்பின் நிறைவு விழா. என் மகளுக்குப் பத்து வயது. சபையோர் சொல்லும் இருபது பொருட்களை வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை மனதால் வைக்கச் சொல்லிப் பழக்கியிருந்தார் பயிற்றுநர். கொழும்பிலிருந்து லேப்டாப்போடு வந்து, எனக்குப் பதினொரு வயதில் தெரிந்ததைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்...

பதினொன்று வரை மகள் கடகடவென்று சொன்னாள். பிறகு நின்றுவிட்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னையறியாமல் எழும்பிவிட்டேன்.

"புள்ள, இப்ப எங்க நிக்காய்?"

"பேக்கரியடில வாப்பா."

"அங்க என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல. அதத்தான் ஒடச்சிட்டாங்களே! உங்களுக்குத் தெரியாதா?"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"ஒடைக்க முந்தி இருந்த பேக்கரிக்குப் போய்ப் பாரு."

கண்ணை மூடினாள். "குடை! பணிஸ் அலுமாரிக்குள்ள குடை!" மிச்சம் எட்டையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

பெற்றோர் உதவியதால் குடை கணக்கில் வராது என்றார் பயிற்றுநர். என்றாலும் சான்றிதழ் கிடைத்தது. இப்போதெல்லாம் எல்லோருக்கும் சான்றிதழ்.

மோட்டார் சைக்கிளில் வரும்போது, "எங்க நிக்காய் எண்டு கேக்க எப்பிடி வாப்பா தோணிச்சி?" என்றாள். முதல்முறையாக அந்த மதகுக் கதையை ஒருவருக்குச் சொன்னேன்.

"வெள்ளத்தாலதான் பிழை வந்ததெண்டு உங்கட வாப்பாட்ட சொல்லல்லையா?"

"அவர் கேக்கல்ல."

"கேக்காட்டி என்ன? நீங்க சொல்லியிரிக்கலாமே."

எங்கள் காலத்தில் வாப்பாமாருக்குப் பிள்ளைகள் காரணம் சொல்வதில்லை, சொன்னால் வாய்க்காரன் என்பார்கள் என்றேன். "அப்ப பெரியாளான பொறகு?" என்றாள்.



பெரியவனான பிறகு நானும் வாப்பாவும் எத்தனையோ கலியாண வீடுகளில் ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சோறு தின்றிருக்கிறோம். சொல்ல நேரம் இருக்கத்தான் செய்தது.