சாக்கட்டியில் எழுதிய எட்டு

சவரிமுத்து அண்ணன் அவர்கள் போய்விடுவார் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். சந்தேகமிருந்தால் பாடாங் செராயில் நான் டீ குடிக்கும் கடையில் கேளுங்கள். அன்று காலை, என் வீட்டு முன்னறையில் பல வருடங்களாகக் கிடக்கும் பழைய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி, ஒரு வயர்கூட மாட்டாத பெட்டி, தானாக உறுமியது. காதில் விழுகிற சத்தமில்லை. தரை வழியாகக் காலில் ஏறுகிற சத்தம். கடைக்கார பாயிடம், "சவரி அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு பாய்" என்றேன்.

"ஒங்க வாயில நல்லதே வராதா மாமா?" என்று அவர் திட்டி முடிக்கவில்லை, போன் அடித்தது. அண்ணனின் மனைவி லூர்து அக்கா.

"தம்பி, ஒங்க அண்ணன் கண்ண மூடிட்டாரு."

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சிடும் இந்தச் சிறு புத்தகத்தில் என்னை எழுதச் சொன்னதும் அக்காதான். "அடக்கத்துக்கு வந்தவங்ககூட ஆம்ப்ளிஃபயர எரிச்ச மனுசன்னுதான் பேசுறாங்க. அவரு வேல தெரிஞ்சவருன்னு கூட இருந்த நீங்க எழுதுனாதான் நம்புவாங்க" என்றார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கெடா மாநிலத்தில் என் லாரி போகாத தோட்டமில்லை, நான் அறியாத மேடையில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். நான் பெட்டிகளை ஏற்றி இறக்கும் லாரிக்காரன். புக்கிட் செலம்பாவ் தோட்டத்துத் திருவிழாவில் அவர் வாசித்தபோது, அரை மைல் தள்ளி மாட்டுக் கொட்டகையில் பால் தயிரானதை நானே பார்த்தேன். அவ்வளவு ஆழமான சத்தம்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. முதல் நாளே எனக்குச் சொன்னார்: "தம்பி, நம்ம ஆம்ப்ளிஃபயர் நாலு ஓம்ஸ் வரைக்கும்தான் தாங்கும். எட்டு ஓம்ஸ் பெட்டி ரெண்ட பக்கத்துப் பக்கத்துல மாட்டுனா நாலு. அதோட நிறுத்திக்கணும். மூணாவது மாட்டுனா நாலுக்குக் கீழ எறங்கிரும். எறங்க எறங்க மெசின் ரத்தம் கக்கும்."

"பெட்டி கூடுனா நம்பரும் கூடணும்தானேண்ணே?"

"அதான் இல்லலா. கூடக் கூடக் கொறையும். நம்பர் கொறஞ்சா மெசினுக்குப் பாரம் கூடும்."

பெட்டியின் முதுகில் கடைக்காரன் ஒட்டிய எண்ணை அவர் நம்பவே மாட்டார். உள்ளே ஸ்பீக்கரை எவன் மாற்றியிருப்பானோ என்று மீட்டர் வைத்து அளப்பார். எட்டு ஓம்ஸ் என்றால் முள் ஆறு பக்கம் நிற்கும், நாலு என்றால் மூன்று பக்கம். அளந்த பிறகு சாக்கட்டியால் 8 என்று எழுதுவார், ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டமாக, பனிமனிதன் பொம்மைபோல. அந்த எட்டு இல்லாத பெட்டியில் வயர் மாட்டமாட்டார். வாசிக்கும்போதும் இடையிடையே ஆம்ப்ளிஃபயரின் தலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல.

பிறகு அந்தச் சுங்கை லாலாங் கல்யாணம். தோட்டச் சாலையில் பெட்டி ஒன்று லாரியில் உருண்டு, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. நான் பறந்துபோய் வேறு ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டினேன். அண்ணன் வந்து மீட்டர் வைத்து அளந்தார். முள் ஆறில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். "அண்ணே, எனக்கென்னமோ இது சரியா படல" என்று எச்சரித்தேன். அவர் கேட்கவில்லை.

முதல் பாட்டிலேயே சத்தம் அமர்க்களமாக வந்தது. மண்டபம் ஆடியது. இரண்டாம் பாட்டில் அண்ணன் புறங்கையை வைத்தவர், சட்டென்று எடுத்துக்கொண்டார். மூன்றாம் பாட்டு முடியவில்லை, பெரிய உறுமல் ஒன்று எழுந்தது, புகை வந்தது, மணமக்கள் முன்னால் மேடை ஊமையானது. குழுத் தலைவர் மைக் இல்லாமலே கத்தினார்: "ஓம்ஸ் பாக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கய்யா பேஸு?"

அண்ணன் பெட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சாக்கட்டி எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் துடைத்துவிட்டார். வெட்கத்தில் துடைத்தார் என்று ஊருக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன்.

அதற்கப்புறம் எந்தக் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. டயர் கடை வேலைக்குப் போனார். ஸ்பீக்கர் மாற்றிய அந்தப் பெட்டி என் வீட்டில் தங்கிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கு டின்னோடு வருவார். நாற்காலி காலியாக இருந்தாலும் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்காருவார். அவர் கிளம்பிப் போன பிறகு அது உறுமும். என் மனைவிக்குக் கேட்பதில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தேன். குரல் மெலிந்து போயிருந்தது.

"தம்பி, அந்தப் பெட்டி ஒங்கிட்டதான் இருக்கா?"

"இருக்குண்ணே."

"தனியா மாட்டு. ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணோட மட்டும் சேக்காத."

எட்டு ஓம்ஸ் பெட்டிக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நாலு ஓம்ஸ் பெட்டிக்குத்தான் சொல்வார்கள். நாலோடு ஒரு எட்டு சேர்ந்தாலே நாலுக்குக் கீழே இறங்கிவிடும்.

அக்கா, இதை நீங்கள் உட்கார்ந்து படியுங்கள். பால் தயிரான கதையை விடுங்கள். அண்ணன் அன்று அளந்தார், நான் எச்சரித்தேன் என்று மேலே எழுதினேனே, அது நான் கட்டிய கதை. அவர் கோயிலில் கல்யாணப் பூசையில் இருந்தார். மீட்டர் என் லாரியில், உறையைவிட்டு வெளியே வரவில்லை. நேரமாகிவிட்டதென்று நானே சாக்கட்டியை எடுத்து, பென்சிலில் எழுதுவதுபோல ஒரே இழுப்பில் 8 போட்டேன். நான் வயர் மாட்டும்போது, பூசை முடிந்து வந்த அண்ணன் மேடையிலிருந்தபடி கேட்டார், "தம்பி, ஆறுதானே காட்டுச்சு?"

"ஆறுதாண்ணே!" என்றேன்.

அவர் துடைத்தது என் கையெழுத்தை. துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நேற்று அந்தப் பெட்டியின் முதுகில் 4 என்று எழுதி வைத்தேன். போய் வாருங்கள் அண்ணே. உறுமல் மட்டும் நான் கட்டியதில்லை.