வதனிக்குச் சொல்லாத பெயர்

ஆஸ்திரேலியாவின் கிரெய்கிபர்னில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் கராஜ் ஒன்றில் சிறிதரன் பதினொரு வருடமாகத் தகரவேலை செய்கிறார். படகில் வந்தவர். அகதி வழக்கு தோற்றதால் தற்காலிக விசாவில் இருக்கிறார்; நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது.

மனைவி வதனி கிளிநொச்சியில். கடைசி யுத்தத்தில் விமானம் போட்ட குண்டு அவள் பதுங்கியிருந்த பங்கருக்கு அருகில் விழுந்து, அவளுக்கு ஒரு காது முழுதாகவும் மற்றது பாதியாகவும் கேட்காமல் போயின. அதனால் சிறிதரன் ஃபோனில் கத்தித்தான் பேசுவார்.

போன மார்ச்சில் மூன்று சக்கரக் கார் ஒன்று திருத்த வந்தது. ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு பேர் இருக்கலாம். மேலே கண்ணாடிபோல ஒரு மூடி. வீடியோவில் காட்டினார்.

"இதென்னப்பா, மூடி போட்ட தொட்டிலோ?" வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து தினமும், "என்ர காரைக் காட்டுங்கோ" என்பாள்.

ஒரு நாள் முதலாளி ரொன் காரின் பெயர்த்தகட்டைத் துடைத்தபடியே கதை சொன்னார். மெஸ்ஸர்ஷ்மிட். ஜெர்மனிக்குப் போர் விமானம் செய்த கம்பனி. உலகப்போரில் தோற்றபிறகு விமானம் செய்யத் தடை வந்ததால் பிழைப்புக்கு இந்தக் காரைச் செய்தார்களாம்.

சிறிதரன் சுத்தியலை வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"ஏன் முகம் ஒரு மாதிரி?" அன்று வதனி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. வெயில்."

அதன்பிறகு பெயர் தெரியாத பக்கத்தையே காட்டினார்.

ஆகஸ்டில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. "நான் வாறன்" என்று கத்தினார்.

"வந்தால் பிடிச்சுப்போடுவாங்கள். வராதேங்கோ. எனக்குச் சுகம் வந்திடும்."

நாலாம் நாள் விடிய, அவள் தங்கை அருந்ததி அழைத்து அழுதாள்.

செத்தவீட்டை ரொன்னின் அறையில், கதிரையில் இருந்தபடி ஃபோனில் பார்த்தார். கொள்ளி வைத்தது அருந்ததியின் மகன். நெருப்பு மூளுமுன் இணைப்பு அறுந்துவிட்டது. ரொன் மெஷின்களை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து அருந்ததி ஃபோன் எடுத்தாள். "அத்தான், அக்கா அந்தக் காரின்ர படத்தை ஆஸ்பத்திரி வார்ட்டில எல்லாருக்கும் காட்டினவ. அது பிளேன் செய்தவங்கட கார் எண்டும் அவவுக்குத் தெரியும். என்ர மகன் தேடிப் பாத்துச் சொன்னவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"தெரிஞ்சால் நீங்கள் வேலையை விட்டிடுவியள் எண்டு."

அருந்ததி "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காரை செப்டெம்பரில் முடித்துக் கொடுத்தார். போன மாதம் விசா நீட்டிப்புப் படிவம் வந்தது. மனைவியின் பெயர் கேட்ட இடத்தில், 'காலமானவர்' என்ற கட்டத்தில் அடையாளமிடாமல், வதனி என்றே எழுதினார்.