மருமகன் மேல் புகார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கும் அவன் மாமியாருக்கும், அவனுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். நடுவில் நின்று இருவரையும் சமாளித்த மனைவி போன வருடம் காய்ச்சலில் கண்ணை மூடினாள். மகள் போன பிறகு மாமியாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. வேறு நாதியில்லை. கடைக்கு மேலே இருந்த தன் வீட்டுக்கே அவன் கூட்டிவந்தான்.

வந்தவருக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தட்டை நீட்டினால் தள்ளிவிடுவார்.

ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸம்மாதான் வழி சொன்னாள். "பழைய சாமான் ஏதாவது கையில குடுங்க அண்ணே. ஞாபகம் இருக்கான்னு மட்டும் கேட்காதீங்க, பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கும். சும்மா கூட உட்காருங்க."

மாமியார் ஒரு காலத்தில் தையல்காரி. அவர் பெட்டியைக் குடைந்ததில் பட்டன் டப்பா ஒன்று கிடைத்தது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து, பட்டன்களைத் தட்டில் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் தாமாகவே நிறம் பிரிக்கத் தொடங்கின. சிவப்புப் பட்டன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என் பொண்ணு சட்டையோடது. பட்டனைப் பிச்சுக்கிட்டுத்தான் தினம் ஸ்கூல்லேர்ந்து வருவா. அவளைப் போய் ஒருத்தன் தலையில கட்டினோம்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆளு எப்படி?"

"வாயில விரல் வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னா சுவத்தைப் பேத்துடுவான்."

சுவரைப் பேர்த்தது நிஜம். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அடக் கடவுளே! குறட்டை வேற விடுவானோ?"

"தெருவே முழிச்சுக்கும்!" மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டதல்லவா!

அதன்பின் மத்தியானம் தோறும் மருமகனின் தலை உருண்டது. அவனும் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தான். அவன் ஊட்டினால் சாப்பிட்டார், இருட்டில் பயந்தால், "தம்பி, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார்.

ஒரு நாள் பேச்சை நிறுத்தி, கையிலிருந்த பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும் தம்பி. அவன் வீட்டுக்குப் போனப்புறம்தான் என் பொண்ணு சத்தம் போட்டுச் சிரிச்சா. என்கிட்ட இருந்தவரைக்கும் அப்படிச் சிரிச்சதில்ல. அதுதான் எனக்குப் பொறுக்கலையோ என்னவோ."

அவன் தட்டிலிருந்த சிவப்புப் பட்டன்களை ஒவ்வொன்றாக அவர் பக்கம் நகர்த்தினான்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சும்மா."

"அவ எப்படி?"

மனைவி போனதிலிருந்து அவளைப் பற்றி அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. மெதுவாக ஆரம்பித்தான். துணி காயப்போட்ட அன்று மழை வந்தால் அவள் வானத்தைத் திட்டுவது, கடையில் விற்காத கண்ணாடிகளை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து அவனைச் சிரிக்க வைப்பது, தூங்கும்போது காலை அவன்மேல் போட்டுக்கொள்வது.

மாமியார் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். "நல்ல பொண்ணு. கொடுத்து வச்சவர் நீங்க. அப்புறம்?"

அவன் சொல்லச் சொல்ல, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று கடை திறக்க வெகுநேரம் ஆகிவிட்டது.