மஞ்சள் புள்ளி வைத்த ரயில்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். குரோம்பேட்டை ஸ்டேஷன் அருகே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் 'எஸ்தர் மேடம்' என்று பெயர். நாற்பது நாட்களாக நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்துவிட்டார் என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். உடனே எடுத்துவிட்டால் என் கெத்து என்ன ஆவது? அடிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கினேன். மறுபடியும் அடித்தது. இந்த முறை எடுத்து, "சொல்லுங்க மேடம், இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றேன். பேசியது அவருடைய மகள் ஷீபா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலைல காபி கொடுக்கப் போனேன், எழுந்திரிக்கவே இல்ல" என்றாள்.

அந்த முதல் அழைப்பை எடுக்காமல் விட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் எங்களோடு வேலை பார்த்தவர்கள். உங்களிடம் நல்லவன் வேஷம் போட்டால் எடுபடாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எங்கள் பல்சக்கரத் தொழிற்சாலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. எஸ்தர் மேடமும் நானும் அங்கே பரிசோதனைப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. செய்து வரும் ஒவ்வொரு சக்கரத்தையும் அளந்து ஒரு பெயிண்ட் புள்ளி வைப்பதுதான் எங்கள் வேலை. பச்சை வைத்தால் தேறியது. சிவப்பு வைத்தால் உருக்கப் போக வேண்டியது. மஞ்சள் வைத்தால் திருத்தினால் தேறும். மஞ்சளுக்கு மட்டும் கூடவே ஒரு சீட்டு எழுதிக் கட்ட வேண்டும்: குறை என்ன, எப்படித் திருத்துவது, திருத்திய பின் மறுபரிசோதனைக்குக் கொண்டுவரவும். சோம்பேறிகள் யாரும் மஞ்சள் வைக்க மாட்டார்கள். நான் சோம்பேறி.

ஒரு நாள் ஆள் உயரச் சக்கரம் ஒன்றுக்குச் சிவப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், லாரியில் ஏற்றத் தூக்கிய சக்கரத்தை மேடம் கீழே இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டும் முனியனுக்குக் கடுப்பு. "இன்னா மேடம், சேகர் சாரே செவப்பு வெச்சிட்டாரு, நீங்க இன்னாத்துக்கு இத்த எறக்கச் சொல்றீங்க? லாரிக்காரன் கத்திகினு கீறான்" என்றான். "கத்தட்டும் முனியா, தொண்டை வலிச்சா நிறுத்திடுவான்" என்றார் மேடம். அன்று மாலை வரை அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாக அளந்தார். மூன்றே மூன்று பல்லில்தான் மேடு இருந்தது. தேய்த்தால் சரியாகிவிடும். என் சிவப்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மஞ்சள் வைத்தார். என்னிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. "செவப்பு வைக்க ஒரு நிமிஷம் போதும் சேகர் சார். மஞ்சள் வைக்கத்தான் வேலை தெரியணும்" என்றார். எனக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் அவரோடு டீ குடிக்கவில்லை.

ரயில் விஷயம் தொடங்கியது தொழிற்சாலையிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் வந்துவிடும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. நாங்கள் எல்லோரும் இறங்கி வடைக்கு அடித்துக்கொண்டோம். மேடத்தைக் காணோம். தேடினால், தண்டவாளத்தின் நடுவே புடவையைச் செருகிக்கொண்டு குந்தியிருக்கிறார். கையில் வெர்னியர்! பல்லின் கனத்தை அளக்கும் கருவியைச் சுற்றுலாவுக்குக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரே மனுஷி அவர்தான். கார்டு விசிலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதுகிறார். மேடம் நிதானமாக எழுந்து வந்து, "பல்லு நல்லாத் தேஞ்சிருக்கு. ஆனா பிடிக்குது சார்" என்று கார்டிடமே சொன்னார். அந்த மனிதர் கொடியைக் காட்டினார்.

அந்த வகை என்ஜின்களை முதலில் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்து என்று அங்கே ஒரு பலகையில் படித்தார். வந்ததிலிருந்து அதே பேச்சு. அந்த ஊரில் எத்தனை பற்சக்கர ரயில் இருக்கிறது, எத்தனை இருந்து போனது, பல் எந்த மாதிரி, ஏற்றம் எவ்வளவு? தொழிற்சாலை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, இதைத் தமிழில் ஒரு புத்தகமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்தார். "போட வேண்டும்" என்றால் அதில் நானும் அடக்கம். என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. சனிக்கிழமைதோறும் கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து அஸ்தினாபுரத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த ஊர் ரயில் ஆர்வலர்களுக்குக் கடிதம் போட்டு, வந்த பதில்களைச் செல்போனில் மொழிபெயர்த்து, படங்களைப் பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்து எழுதினோம். பிலாட்டஸ் மலையில் நூறு அடிக்கு நாற்பத்தெட்டு அடி ஏறுகிறது ரயில். அவ்வளவு செங்குத்தில் பல்லை மேலே வைத்தால் சக்கரம் நழுவிவிடும் என்று இரண்டு பக்கவாட்டிலும் பல் வைத்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொண்ட அன்று மேடம் என் மனைவி வசந்தாவைச் சமையலறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து, இரண்டு சீப்புகளை வைத்து விளக்கினார். வசந்தா, "சரி மேடம், சீப்பைக் கொடுங்க, தலை வாரணும்" என்றாள்.

பட்டியலில் ஒவ்வொரு ரயிலுக்கும் எதிரே அவர் பழைய வழக்கப்படி புள்ளி வைத்தார். ஓடுவதற்குப் பச்சை. ஓடாததற்குச் சிவப்பு என்று நான் நினைத்தேன். அவர் மஞ்சள் வைத்தார். "பல்லையே பிடுங்கி எடுத்துட்டுப் போயிட்டான் மேடம், இதுல எதைத் திருத்துவீங்க?" என்று கிண்டல் செய்தேன். அப்போதுதான் ஃபுர்கா கணவாயைப் பற்றிச் சொன்னார். அந்த மலைப்பாதையில் ஒரு பாலத்தைப் பனிச்சரிவு அடித்துப் போகாதபடி வருடா வருடம் குளிருக்கு முன் மடித்து வைப்பார்களாம். பிறகு அடியில் சுரங்கம் வந்ததும் மேல் பாதையை மூடிவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்களும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து, சம்பளமில்லாமல், வருடக்கணக்காக உழைத்து அதைத் திறந்தார்கள். எப்போதோ வியட்நாமுக்கு விற்ற பழைய என்ஜின்களைத் தேடிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைச் சொல்லிவிட்டு மேடம் என் நோட்டை இழுத்து, நான் எழுதியிருந்த 'மூடப்பட்டது' என்ற சொல்லை அடித்தார். "மூடியாச்சுன்னு எழுதாதீங்க சார். இன்னைக்கு ஓடலைன்னு எழுதுங்க" என்றார்.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு சிவப்புதான் உண்டு. அது எங்கள் இருவருடைய தவறு. ரிகி மலை மேல் முகட்டை ஒட்டி முன்பு ஒரு சின்ன ரயில் ஓடியது. இப்போது தண்டவாளம் போய் நடைபாதையாகிவிட்டது. மலை மேல் ஓடினால் பல் இல்லாமலா இருக்கும்? வாழ்நாள் முழுக்கப் பல் எண்ணியவர்கள் அல்லவா, அப்படித்தான் நினைப்போம். பற்சக்கர ரயில் என்று எழுதி, நம் முன்னாள் ஊழியர் சங்கத்தின் இதழில் போட்டும்விட்டோம். பிறகு ஒரு பழைய படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், தண்டவாளங்களுக்கு நடுவே வெறும் கட்டைகள்தான். அது மலையின் முதுகில் சமமாகப் போன சாதாரண ரயில். மேடம் அதற்குச் சிவப்பு வைத்தார். "யார் கண்டுபிடிக்கப் போறாங்க, விடுங்க" என்றேன். அடுத்த வாரம் மேடம் திருத்தச் சீட்டு அச்சடித்துக்கொண்டு, பல்லாவரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை இதழ் வாங்கியவர்கள் வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே ஒட்டிவிட்டு வந்தார். பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவன் நான். உங்களில் பலர் அன்று எங்களுக்கு மோர் கொடுத்தீர்கள். சிலர் சிரித்தீர்கள்.

இனி எங்கள் சண்டை. புத்தகத்துக்கு இரண்டு பகுதி: ஓடுபவை, இன்று ஓடாதவை. முதல் பகுதி முடிந்து, இரண்டாவதில் ஒன்பது ரயில்கள் பாக்கி. அந்தச் சமயம் மேடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்தார். நான் தாம்பரத்தில் ஒரு பதிப்பாளரைப் பார்க்கப் போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஓடாத ரயிலுக்கு யாரு டிக்கெட் எடுப்பாங்க? முதல் பாதியைக் கொடுங்க, டூர் போறவங்க வாங்குவாங்க. இந்த வருஷமே போட்டுடலாம்" என்றார். மேடம் கண்ணால் பார்க்கிற மாதிரி புத்தகம் சீக்கிரம் வந்தால் போதும் என்று நினைத்தேன். இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் பாதியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் தெரிந்ததும் நல்ல வெயிலில் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார். வசந்தா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. என்னை எப்போதும் சேகர் சார் என்பவர், அன்று, "மிஸ்டர் சேகர், பாதிப் புத்தகத்துக்கு நீங்க செவப்பு வெச்சிட்டீங்க. என்னைக் கேக்காம" என்றார். "ஓடாத ரயிலை யார் படிப்பாங்க மேடம்?" என்று பதிப்பாளரின் வார்த்தையையே திருப்பிச் சொன்னேன். "நான் படிப்பேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். போன் செய்ய வீம்பு விடவில்லை. கடிதமும் லட்சணமாக இல்லை. பதிப்பாளர் சொல்வதிலும் நியாயம் உண்டு, இருந்தாலும் உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு என்று நழுவலாக எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. என்னை அவர் உருக்கப் போக வேண்டியவன் என்று தீர்த்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

கீழ்க்கட்டளையில் அடக்கத்துக்கு வந்தவர்களில் முனியனும் இருந்தான். "எல்லாத்தையும் இன்னொரு வாட்டி பாக்கச் சொல்லும் சார் அந்தம்மா. நம்மள ஒரு வாட்டிகூடப் பாக்க விடாம பூட்ச்சே" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். எல்லோரும் போன பிறகு வீட்டில் ஷீபா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "அம்மா மேசை மேல இருந்துச்சு அங்கிள். உங்க பேரு எழுதி வெச்சிருந்தாங்க." உள்ளே ரயில் நோட்டு, வெர்னியர், மூன்று பெயிண்ட் பாட்டில்கள், நோட்டின் நடுவே என் கடிதம்.

கடிதத்தின் மேல் மூலையில் ஒரு புள்ளி. மஞ்சள்.

கீழே அவருடைய கோணல் எழுத்தில், தொழிற்சாலைச் சீட்டில் எழுதுகிற அதே முறையில் எழுதியிருந்தார்: "குறை: அவசரம். திருத்தம்: இரண்டாம் பகுதியைச் சேர்க்கவும். திருத்திய பின் மறுபரிசோதனைக்குக் கொண்டுவரவும்." கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த மேசை முன்னால், ஷீபாவும் அவள் குழந்தைகளும் பார்க்க, நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

அடுத்த நாளே தாம்பரத்துக்குப் போய்ப் பக்கங்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். பதிப்பாளர், "இப்படிப் பிடிவாதம் பிடிச்சா புத்தகமே வராது சார்" என்றார். "வரும். இன்னைக்கு வரலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் போடாவிட்டால் வேறு ஒருவர் போடுவார். ஒருவரும் போடாவிட்டால் நகலெடுத்துத் தைத்து, பசை டப்பாவோடு வந்த மாதிரி உங்கள் வீடு வீடாக நானே கொண்டுவந்து கொடுப்பேன்.

ஒன்பதில் இரண்டை எழுதிவிட்டேன். ஒன்று, ஏரிக்கரையிலிருந்து மேலே ஹோட்டல்களுக்கு ஏறிய ரயில். சாலை வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். எழுதும்போது கை தானாக 'மூடப்பட்டது' என்று எழுதியது. அடித்துவிட்டு 'இன்று ஓடவில்லை' என்று போட்டேன். மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த இரண்டு சொற்களையும் அந்த மஞ்சள் பாட்டிலையும்தான். வெர்னியரை ஷீபா கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஏழு இருக்கின்றன. சனிக்கிழமை தவறாமல் உட்காருகிறேன். வசந்தா பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிடுகிறாள், இரண்டையும் குடித்துவிட்டு எழுதுகிறேன். முடித்ததும் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கீழ்க்கட்டளைக்குப் போவேன். அவருடைய மேசையில் வைத்துவிட்டு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். மறுபரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.