எஞ்சினைக் கழற்றுவதா விடுவதா

ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சைக்கிளை எதற்காகக் கழற்ற வேண்டும்? இந்தக் கேள்வியை என்னையே கேட்டு, கராஜ்காரரைக் கேட்டு, கட்டாரில் வேலை செய்கிற கணவரையும் போனில் கேட்டுக் கேட்டு எல்லாரையும் களைக்கப் பண்ணியிருந்தேன்.

கராஜ்காரர் பொறுமைசாலி. எஞ்சினுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“டைமிங் செயின் இளகிப்போச்சு அக்கா. இப்ப ஓடும். எப்ப அறும் எண்டு சொல்லேலாது. அறுந்தா உள்ளுக்க வால்வையும் முறிச்சுப்போடும். மாரி மழைக்கு முதல் ஒருக்காக் கழட்டிச் செய்துபோட்டா உங்களுக்கும் நிம்மதி.”

“எத்தினை நாள் எடுக்கும்?”

“மூண்டு நாள் வையுங்கோவன். ஹெட்டை வவுனியாவுக்கு, லேத்துக்கு அனுப்பவேணும்.”

செயின், வால்வு எல்லாம் ஒரு காதால் வந்து மறு காதால் போய்விட்டன. மூன்று நாள் என்பது மட்டும் உள்ளே நின்றுகொண்டது. “யோசிச்சுச் சொல்லுறன்” என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகளுக்கு ஏழு வயது. ஈரக்காற்று வீசினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அதை நாங்கள் முட்டு என்போம். எங்கள் வீடு உருத்திரபுரத்தில் வயற்கரையோடு, நன்றாக உள்ளே இருக்கிறது. முட்டுக் கூடினால் பிள்ளையைச் சால்வையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு நானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவேன். போன மாரியில் பலமுறை அப்படிப் போயிருக்கிறேன். செயின் அறுந்தால் நடுவழியில் நிற்பேன். கழற்றக் கொடுத்தால் வீட்டு வாசலில் நிற்பேன். இருதலைக்கொள்ளி எறும்புதான்.

“நீர் ஏன் இப்பிடிப் பயப்பிடுறீர்?” என்றார் கணவர். “மழைக்கு முதல் செய்விச்சுப்போடும். மூண்டு நாளில உலகம் இடிஞ்சு விழாது.”

விழும். எனக்குத் தெரிய ஒருமுறை விழுந்திருக்கிறது.

போரின் கடைசி இடப்பெயர்வுக்குச் சற்று முன்னர் என் அப்பாவும் இப்படித்தான் முன்யோசனையோடு இருந்தார். ஓட வேண்டி வந்தால் இடையில் நின்றுவிடக் கூடாது என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றினார். பிஸ்டன் மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஊறிக் கிடந்தபோது எங்கள் பக்கமாக ஷெல் விழத் தொடங்கியது. திரும்பப் பொருத்திப் பூட்ட நேரமில்லை. அப்பா பாகங்களை ஒரு சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார். போகிற இடத்தில் வைத்துப் பூட்டலாமாம். அரிசி மூட்டை வீட்டிலேயே கிடந்தது.

அம்மாவுக்கும் முட்டு. எஞ்சின் இல்லாத மோட்டார் சைக்கிளில் அவரை இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். புழுதி அவருக்கு ஆகாது. றோட்டு முழுக்கப் புழுதி. நான் நடு றோட்டில் நின்று கையை விரித்துக் கத்தினேன். உழவு இயந்திரங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் என்னை விலத்திக்கொண்டு போயின. ஒருவர்கூட நிற்கவில்லை. அம்மா வழியிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகும் அப்பா அந்தச் சாக்கை இறக்கி வைக்கவில்லை.

ஓடுகிற எஞ்சினில் கை வைக்கக் கூடாது, றோட்டில் யாரும் நிற்க மாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குள் எழுதிக்கொண்டேன். கராஜ்காரருக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

நாள் போகப் போகச் சத்தம் கூடியது. கூடியதா, எனக்கு மட்டும் கூடியதா தெரியவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் குனிந்து கேட்பேன். பிள்ளை படுத்த பிறகு அவள் நெஞ்சைக் கேட்பேன். இரண்டிலும் ஏதோ கரகரத்தது. ஒரு வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் வெளித்திருந்தது, பிள்ளைக்கும் தடிமன் இருமல் எதுவும் இல்லை. மனம் மாறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். மோட்டார் சைக்கிள் நிற்கிற கொட்டில் வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தேன்.

மறுநாள் காலை பத்து மணிபோல் வானம் கறுத்தது. பிள்ளை இருமத் தொடங்கினாள். முட்டுக்குக் கொடுத்த பம்பை வாயில் வைத்து அடித்தேன். கேட்கவில்லை. திரும்ப அடித்தேன். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின, உதடு நிறம் மாறியது. அம்புலன்சுக்கு அடித்தேன், வருகிறோம் என்றார்கள். காத்திருக்க என் கால்கள் விடவில்லை. விதைப்புக் காலம் என்பதால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் உள்ள ஆண்களெல்லாம் மோட்டார் சைக்கிள்களோடு வயலில் நின்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு வெளியே ஓடி வந்து கத்தினேன். அன்றைக்குக் கத்திய அதே கத்தல்.

எதிரே மீன்காரர் வந்துகொண்டிருந்தார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். ஹாண்டிலில் செபமாலை ஆடும், பின்னால் பெரிய றெஜிபோம் ஐஸ் பெட்டியில் மீன் இருக்கும். விலை பேசி நான் அவரோடு சண்டை பிடிக்காத கிழமை கிடையாது. பிறேக் போட்டு நின்றார்.

“அண்ணை, பிள்ளைக்கு மூச்சு...”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. றப்பர் பட்டியைக் கழற்றிப் பெட்டியை அப்படியே நிலத்தில் தள்ளிவிட்டார். பெட்டி பிரண்டு ஐசும் சூடை, பாரை மீன்களும் மண்ணில் கொட்டுப்பட்டன.

“ஏறு தங்கச்சி!”

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் தோள்கள் இறங்கின. மீன்காரர் வெளியே நின்றார். பின்னேரம் எங்களை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். படலையடியில் காகங்களும் நாய்களும் பந்தி வைத்திருந்தன.

“உங்கட மீன் முழுக்க...” என்றேன்.

“காகங்கள் உம்மளைப்போல விலை கேக்கேல்லத்தானே” என்றவர், கிணற்றடியில் பெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கராஜ்காரர் எனக்குப் போன் பண்ணினார். “கழட்டிப் பாத்தன் அக்கா. செயின் நான் நினைச்ச அளவுக்கு மோசமில்ல. இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்.” வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் கிணற்றுக்குள் தள்ளியிருப்பேன்.

பிள்ளை உள்ளே நித்திரை. நான் விளக்குமாற்றை எடுத்துப் படலையடியைக் கூட்டினேன். மீன் செதிலை மண்ணோடு அள்ளும்போதுதான் அழுகை வந்தது. அன்றைக்கு என்னை விலத்திக்கொண்டு போனவர்களை இத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன், சபித்தும் இருக்கிறேன். இந்த மனிதர் பின்னால் இருந்ததை இறக்கித் தள்ளினார், அது மீன் என்பதால். அவர்களுடைய வண்டிகளில் இருந்தவர்கள் பிள்ளைகள்.